மைதானத்துக் கச்சேரியில் மழை பிடித்தால்

திறந்தவெளி இசை நிகழ்ச்சிக்கு டிக்கெட் எடுக்கும்போது பாடப்போவது யார், நமக்கு எந்த வரிசை, என்ன விலை என்று பார்க்கிறோம். சென்னையில் இருப்பவர்கள் அதோடு மாதத்தையும் பார்த்துவிட வேண்டும். இந்த ஊரின் ஆண்டு மழை சுமார் 1,400 மில்லிமீட்டர். அதில் பாதிக்கு மேல் அக்டோபர், நவம்பர், டிசம்பரில் பெய்துவிடுகிறது. பிப்ரவரியும் மார்ச்சும்தான் வானம் அநேகமாக வம்பு செய்யாத மாதங்கள். அந்த இரண்டு மாதத்தில் வரும் நிகழ்ச்சிக்கு இந்தக் குறிப்புகள் தேவைப்படாது. மற்ற மாதங்களுக்குத்தான் எழுதுகிறேன்.

நான் தாம்பரம் பக்கம் இருக்கிறேன். என்னோடு வருபவர்கள் கல்லூரியில் படிக்கும் மகளும், எழுபதைத் தாண்டிய மாமியாரும். இளையராஜா பாட்டு என்றால் அத்தைக்கு முழங்கால் வலி மறந்துவிடும். இப்படி மூன்று தலைமுறையாகப் போய் வருவதால் நான் பிடிவாதமாக வைத்திருக்கும் விதி ஒன்று உண்டு: மழையில் நனையலாம், இடியிலும் காற்றிலும் நிற்கக் கூடாது. பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். தூறல் விழுந்ததும் எழுந்து ஓடுகிறார்கள். மின்னல் வெட்டும்போது செல்போனைத் தூக்கிப் பிடித்துப் படம் எடுத்துக்கொண்டு நிற்கிறார்கள்.

முதலில், வானத்தை எந்தப் பக்கம் பார்ப்பது என்று தெரிந்துகொள்ளுங்கள். ஜூன் முதல் செப்டம்பர் வரை சென்னைக்கு வரும் மாலை மழை பெரும்பாலும் மேற்கிலிருந்து வரும். பகல் வெயிலில் காய்ந்த வேலூர், ராணிப்பேட்டை, திருவண்ணாமலை, சித்தூர் பக்கம் மதியத்துக்கு மேல் மேகம் திரளும். மேல்காற்று அதைக் கிழக்கே தள்ளிக்கொண்டு வரும். இங்கே சேரும்போது சாயங்காலமோ இரவோ ஆகிவிடும், அதாவது சரியாகக் கச்சேரி நேரம். அதனால் காலையில் வெயில் கொளுத்துகிறது என்று நிம்மதி அடைய வேண்டாம். நல்ல வெயில்தான் அந்த மழைக்கே காரணம். சாயங்காலம் நாலு மணிக்கு வானிலை ஆய்வு மையத்தின் தளத்தில் சென்னை ரேடார் படத்தைத் திறந்து பாருங்கள். மேற்கே சிவப்புத் திட்டுகள் இருக்கின்றனவா, அடுத்தடுத்த படங்களில் அவை கடற்கரையை நோக்கி நகர்கின்றனவா என்று பார்த்தால் போதும். அடுத்த மூன்று மணி நேரத்துக்கான மாவட்ட எச்சரிக்கையும் அங்கேயே கிடைக்கும். புனேயில் உள்ள வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனத்தின் 'தாமினி' செயலி, சுற்றுவட்டாரத்தில் மின்னல் விழுவதைக் காட்டும். அதைப் போனில் ஏற்றி வைத்துக்கொள்ளுங்கள்.

அக்டோபருக்குப் பிறகு ஆட்டமே வேறு. மேகம் கடல் பக்கத்திலிருந்து வரும். பத்து நிமிடம் கொட்டும், நிற்கும், மறுபடி கொட்டும். நாலு மணிக்கு ஒருமுறை பார்த்ததை வைத்து இரவைச் சொல்ல முடியாது. வங்கக் கடலில் தாழ்வு மண்டலம் என்று செய்தி வந்துவிட்டால், நிகழ்ச்சி நடக்குமா என்று அமைப்பாளர்களின் அறிவிப்பைப் பார்த்த பிறகே வீட்டை விட்டுக் கிளம்புங்கள். ஆகஸ்டிலும் மழையால் நிகழ்ச்சி தள்ளிப்போவது உண்டு. 2023 ஆகஸ்ட் 12 அன்று கிழக்குக் கடற்கரைச் சாலையில் (ஈசிஆர்) நடக்க இருந்த ஏ.ஆர்.ரஹ்மானின் நிகழ்ச்சி மழையால் தள்ளிப்போய் செப்டம்பர் 10 அன்றுதான் நடந்தது.

அப்புறம் தரை. ஈசிஆர் பக்கத்து மைதானங்கள் கடற்கரை மணல். தண்ணீரைச் சீக்கிரம் குடித்துவிடும். நகரத்துக்குள் இருக்கும் மைதானங்கள் அப்படி இல்லை. நந்தனம் ஒய்எம்சிஏ மைதானத்தில் நடந்த புத்தகக் காட்சியே 2024 ஜனவரியில் மழையால் ஒரு நாள் மூடப்பட்டது. கூரை போட்ட கடைகளுக்கே அந்த நிலை என்றால் வெட்டவெளியில் போட்ட பிளாஸ்டிக் நாற்காலிகளைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

செருப்பு விஷயத்தில் மட்டும் என் பேச்சைக் கேளுங்கள். ரப்பர் செருப்பு மழைக்குச் சரி என்று தோன்றும். சேற்றில் கால் வைத்ததும் அது உள்ளே சிக்கிக்கொள்ளும், இழுத்தால் வார் பிய்ந்துவிடும். வெறுங்காலோடு நடந்தால் கீழே என்ன கிடக்கிறது என்று தெரியாது. பந்தல் ஆணி இருக்கும், கம்பித் துண்டு இருக்கும், தண்ணீருக்கு அடியில் மின்சார ஒயர்கூட ஓடும். குதிகாலைப் பின்னால் வார் போட்டுப் பிடிக்கும் சாண்டல்தான் நல்லது. ஷூ போட்டால் ஊறிக் கனத்துவிடும். ஜீன்ஸும் அப்படித்தான், ஒருமுறை நனைந்தால் வீடு வரும்வரை காயாது. மெல்லிய பருத்திச் சுடிதாரோ வேட்டியோ எவ்வளவோ மேல்.

குடை எடுத்துப் போக வேண்டாம். பல இடங்களில் வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். விட்டாலும், நீங்கள் விரித்தால் பின்வரிசைக்காரர்களுக்கு மேடை தெரியாது; காற்றடித்தால் கம்பி பக்கத்தில் இருப்பவர் கண்ணில் படும். மடித்தால் உள்ளங்கையில் அடங்கும் மெல்லிய மழைக்கோட்டு ஆளுக்கு ஒன்று போதும். என் கைப்பையில் இருப்பவை: ஜிப் வைத்த பிளாஸ்டிக் உறைகள் (போனுக்கு ஒன்று, பணத்துக்கும் அத்தையின் மாத்திரைக்கும் ஒன்று), சின்ன டார்ச், ஒரு துண்டு, நாற்காலியில் விரிக்க ஒரு பெரிய பாலித்தீன் தாள். மாற்று உடையை வண்டியில் வைத்துவிடுவோம். டிக்கெட்டின் க்யூஆர் கோடை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். ஆயிரக்கணக்கான பேர் ஒரே இடத்தில் கூடும்போது இணையம் நகராது.

அதே காரணத்தால் போன் அழைப்பும் போகாது. உள்ளே நுழைந்ததும், உட்காருவதற்கு முன்பே, பிரிந்துபோனால் எங்கே சந்திப்பது என்று பேசிவிடுங்கள். 'மெயின் கேட்' என்று சொன்னால் வேலைக்கு ஆகாது; கூட்டம் மொத்தமும் அங்கேதான் நிற்கும். வெளியே, சாலையைத் தாண்டாமல் போகக்கூடிய ஒரு டீக்கடையோ மருந்துக்கடையோ பார்த்து வையுங்கள். சின்னப் பிள்ளைகள் இருந்தால் கையில் உங்கள் எண்ணை அழியாத மார்க்கரில் எழுதுங்கள். பால்பாயிண்ட் பேனாவில் எழுதினால் மழையில் அழிந்து போகும். இருட்டுவதற்குள் எல்லா வாசல்களையும் ஒருமுறை கண்ணால் பார்த்துக்கொள்வதும் நல்லது. நாங்கள் எப்போதும் ஓரத்து நாற்காலிகளில்தான் உட்காருவோம். நடு வரிசையில் மேடை நன்றாகத் தெரியும், உண்மைதான். ஆனால் எழுபது வயதுக்காரரை நடு வரிசையிலிருந்து இருட்டில் வெளியே கொண்டுவருவது லேசான காரியம் இல்லை.

இனி முக்கியமான கட்டம். மழை வந்துவிட்டது, பாட்டு நின்றுவிட்டது. போவதா, இருப்பதா?

எல்லாரும் மேடையையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். நீங்கள் திரும்பி, கூட்டத்துக்கு நடுவில் ஒலிக்கலவைப் பலகை வைத்திருக்கும் கூடாரத்தைப் பாருங்கள். அங்கே இருப்பவர்கள் மிக்ஸர் மேல் தார்ப்பாயை இழுத்து மூடிவிட்டுப் பக்கத்திலேயே நின்றால், மழை விடட்டும் என்று காத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். மேடையோரத்தில் தொங்கும் ஸ்பீக்கர் வரிசையைக் கீழே இறக்கத் தொடங்கினால், எல்இடி திரையை அணைத்துத் தாழ்த்தினால், அவர்கள் காற்றுக்குப் பயப்படுகிறார்கள். அப்போது அறிவிப்பு வரும்வரை காத்திருக்க வேண்டாம். மேடைக் கோபுரத்துக்கும் திரைக்கும் ஸ்பீக்கர் கோபுரத்துக்கும் பக்கத்திலிருந்து முதலில் விலகுங்கள்.

இது வீண் பயம் இல்லை. 2011 ஆகஸ்ட் 13 அன்று அமெரிக்காவின் இண்டியானா மாநிலப் பொருட்காட்சியில், நிகழ்ச்சி தொடங்குவதற்குச் சற்று முன் அடித்த காற்றில் மேடையின் கூரைச் சட்டம் சரிந்து 7 பேர் இறந்தார்கள். ஐந்தே நாளில், ஆகஸ்ட் 18 அன்று, பெல்ஜியத்தில் புக்கல்பாப் இசை விழாவைப் புயல் தாக்கி 5 பேர் இறந்தார்கள். இரண்டிலும் கூட்டம் கூடியிருந்த நேரம் அது. மழைக்கு முன் திடீரென்று சில்லென ஒரு காற்று வீசும், மண்வாசனை வரும். எல்லாரும் கைதட்டிக் கத்துவார்கள். இடிமேகத்துக்கு முன்னால் ஓடிவரும் காற்று அது. அது வந்துவிட்டால் மேகமும் பின்னாலேயே வந்துகொண்டிருக்கிறது. கையில் இருப்பது சில நிமிடங்கள்தான்.

மின்னலுக்கு ஒரு எளிய கணக்கு உண்டு. மின்னல் வெட்டியதிலிருந்து இடி கேட்கும்வரை எண்ணுங்கள். மூன்று விநாடிக்கு ஒரு கிலோமீட்டர். முப்பதுக்குள் இடி கேட்டால் மின்னல் பத்து கிலோமீட்டருக்குள் இருக்கிறது. கட்டடத்துக்குள் போக வேண்டிய நேரம் அது. கடைசி இடி கேட்டு முப்பது நிமிடம் கழித்துத்தான் வெளியே வரலாம். துணிப்பந்தலும் தனியாக நிற்கும் மரமும் பாதுகாப்பு ஆகாது. இரும்புத் தடுப்பில் சாய்ந்து நிற்பதும் கூடவே கூடாது. செங்கல் கட்டடம் நல்லது, கண்ணாடியை ஏற்றிவிட்ட கார் நல்லது. கார் நிறுத்துமிடம் பக்கத்தில் இருந்தால் நாங்கள் அங்கே போய் உட்கார்ந்துவிடுவோம். அத்தை முதலில் ஒத்துக்கொள்ளவே மாட்டார். "கொஞ்சம் பொறும்மா, ஆரம்பிச்சிடுவாங்க" என்பார். காரில் உட்கார்ந்து இடியை எண்ணச் சொன்னால் விரல் மடக்கி எண்ணுவார். இருபதுக்குள் இடி வந்துவிட்டால் பிறகு இறங்கலாமா என்று கேட்கமாட்டார்.

காத்திருக்கும்போது கடிகாரத்தையும் பாருங்கள். 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி திறந்தவெளியில் இரவு பத்து மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது. மாநில அரசு சில நாட்களுக்கு மட்டும் நள்ளிரவு வரை விலக்குத் தரலாம். அதனால் ஒன்பது மணிக்கு மழை விட்டாலும், தரையைத் துடைத்து, கருவிகளைச் சோதித்து, மறுபடி தொடங்கினால் நாலைந்து பாட்டுகள்தான் கிடைக்கும். கருவிகளையும் நினைத்துப் பாருங்கள். மிருதங்கத் தோலும் தபலாவும் ஈரக்காற்றில் சுருதி இறங்கும். வயலின்காரர்கள் ஈரத்தில் பெட்டியைத் திறக்கத் தயங்குவார்கள். அவர்கள் தாமதிப்பதைப் பார்த்துக் கூச்சல் போடுவதும் தண்ணீர் பாட்டில் எறிவதும் எனக்கு மிகவும் வலிக்கும். நனைந்த மேடையில் மைக்கைப் பிடித்து நிற்பவர் தன் உயிரைப் பணயம் வைக்கிறார். அவருக்கு அந்த நேரம் கொடுக்க வேண்டும்.

கிளம்புவது என்று முடிவானால் இரண்டில் ஒன்று செய்யுங்கள்: கூட்டம் எழுவதற்கு முன்பே எழுந்துவிடுங்கள், இல்லையென்றால் கூட்டம் வடியும்வரை ஓரமாக நில்லுங்கள். எல்லாரோடும் சேர்ந்து சேற்றில் வாசலை நோக்கி நடப்பதுதான் மிக ஆபத்தானது. வழுக்கி ஒருவர் விழுந்தால் பின்னால் வருபவர்களுக்குத் தெரியாது. நெருக்கத்தில் மாட்டிக்கொண்டால் இரண்டு கைகளையும் மடக்கி நெஞ்சுக்கு முன்னால் வைத்து மூச்சுக்கு இடம் பிடியுங்கள், கூட்டத்தை எதிர்த்துத் தள்ளாமல் சாய்வாக ஓரத்துக்கு நகருங்கள். கீழே விழுந்த செருப்பையோ போனையோ எடுக்கக் குனியாதீர்கள். யாருக்காவது மயக்கம், அடி என்றால் 108.

நந்தனத்தில் என்றால் மெட்ரோ பக்கத்திலேயே இருக்கிறது, இரவு பதினொரு மணி வரை வண்டி உண்டு. மழை நாளில் இதைவிட நல்ல வழி கிடையாது. வண்டியில் வந்தவர்கள் மேற்கு மாம்பலம் போக வேண்டுமென்றால் துரைசாமி சுரங்கப்பாதையையும் அரங்கநாதன் சுரங்கப்பாதையையும் நம்ப வேண்டாம். பெருமழையில் இரண்டிலும் தண்ணீர் தேங்கும். சுரங்கப்பாதையில் நிற்கும் தண்ணீரின் ஆழம் இரவில் கண்ணுக்குத் தெரியாது. ஈசிஆர் நிகழ்ச்சியென்றால் மெட்ரோ இல்லை, ஆட்டோவும் லேசில் கிடைக்காது. முன்கூட்டியே திரும்புவதற்கு ஒரு வண்டி பேசி வையுங்கள், காத்திருக்கும் இடத்தையும் ஓட்டுநரிடம் சொல்லி வையுங்கள். காரை மணலிலோ புல்லிலோ நிறுத்தும்போது மூக்கு வெளிப்பக்கம் பார்த்திருக்கட்டும்.

வீட்டுக்கு வந்ததும் காலைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். காலில் கீறலோ வெடிப்போ இருந்து தேங்கிய தண்ணீரில் நடந்திருந்தால் எலிக்காய்ச்சல் வர வாய்ப்பு உண்டு. அடுத்த இரண்டு வாரத்தில் காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் வந்தால் மருத்துவரிடம் மழைத் தண்ணீரில் நடந்ததைச் சொல்லுங்கள்.

கையில் கட்டிய ரிஸ்ட்பேண்டை அன்று இரவே கத்தரித்துப் போட்டுவிடாதீர்கள். தள்ளிவைத்த தேதிக்கு அதையே கேட்கக்கூடும். டிக்கெட் மின்னஞ்சல், பணம் கட்டிய குறுஞ்செய்தி, மைதானத்தில் அறிவிப்பு வந்த நேரம் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் சேர்த்து வையுங்கள். 'தள்ளிவைப்பு', 'ரத்து' இரண்டுக்கும் டிக்கெட்டின் பின்பக்க நிபந்தனைகளில் வேறு வேறு விதி இருக்கும். பாதியில் நின்றுபோனால் என்ன செய்வார்கள் என்பதையும் அங்கேயே தேடிப் படியுங்கள். எழுதிக் கேட்டும் பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழைக்கலாம். புதிய தேதி வந்தால் முதலில் அது எந்த மாதம் என்று பாருங்கள். நவம்பர் என்றால் பணத்தைத் திரும்பக் கேட்பதா, மழைக்கோட்டை மறுபடி எடுப்பதா என்று வீட்டில் உட்கார்ந்து பேசிவிடுங்கள். எங்கள் வீட்டில் இந்தக் கேள்விக்கு அத்தையின் ஓட்டு எப்போதும் மழைக்கோட்டுக்குத்தான்.