சொந்தமாகக் கட்டும் குட்டி விமானம்: வெளிக்காற்று சென்சாரை எங்கே வைப்பது?

அக்னி நட்சத்திரத்தில் பாளையங்கோட்டைப் பக்கம் 40 டிகிரி அடிப்பது புதிதல்ல. ஊர் கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 50 மீட்டர்தான். ஆனால் அந்தச் சூட்டில் காற்று லேசாகிவிடுவதால், விமானத்தைப் பொறுத்தவரை 3,000 அடிக்கு மேல், கிட்டத்தட்ட மாஞ்சோலை மலை உயரத்தில் நிற்கிற கதைதான். விமானக் கணக்கில் கடல் மட்டத்துக்கு வைத்திருக்கும் 15 டிகிரிக்கு மேல் ஏறும் ஒவ்வொரு டிகிரிக்கும் ஏறக்குறைய 120 அடி என்று கணக்கு. ஓடுபாதையில் கூடுதலாக ஓடும், மெதுவாக ஏறும். அதனால் வெளிக்காற்றின் வெப்பநிலையைக் காட்டும் இந்த சென்சார் அலங்காரக் கருவி இல்லை.

சென்சாருக்கு என் ஓட்டு டிஎஸ்18பி20 என்ற டிஜிட்டல் வெப்பநிலைச் சில்லுக்கு. ஸ்டீல் குப்பிக்குள் அடைத்து, ஒயரோடு வருவதாகப் பார்த்து வாங்குங்கள். தெர்மிஸ்டரும் (சூட்டுக்கேற்ப மின்தடை மாறும் பொருள்) ஓடும், அதன் தடையை டிகிரியாக்க அட்டவணை போட்டு உட்கார எனக்குப் பொறுமை கிடையாது. டேட்டா ஒயருக்கும் பிளஸ்ஸுக்கும் நடுவே 4.7 கிலோ ஓம் ரெசிஸ்டர். சென்சாரைப் படிக்கும் ஆர்டுயினோ என்ற குட்டிக் கணினிப் பலகைக்கான புரோகிராம் எல்லா இடத்திலும் கிடைக்கும், அதை விடுகிறேன்.

போலி சில்லுகள் நிறையப் புழங்குவதால், பொருத்தும் முன் ஐஸில் சோதியுங்கள். சர்பத் கடையில் ஐஸ் வாங்கிச் சாக்கில் சுற்றி நொறுக்கி, ஃபிளாஸ்க் நிறைய அடைத்து, இடுக்கு நிரம்பும் அளவுக்கு மட்டும் தண்ணீர் விடுங்கள். நாலு கட்டி மிதக்கும் டம்ளர் உதவாது. அதன் அடியில் 4 டிகிரி வரை இருக்கும். பத்து நிமிடத்தில் பூஜ்யத்தை ஒட்டி வர வேண்டும். அரை டிகிரி முன்னே பின்னே இருந்தால் சரி.

இனிதான் முக்கியமான வேலை. என்ஜின் மூக்கில் இருக்கும் விமானத்தில், கவசத்துக்குள்ளிருந்து வெளியேறும் சூடான காற்று வயிற்றை ஒட்டியே பின்னால் போகும். அங்கே வைத்தால் என்ஜினின் காய்ச்சலைத்தான் அளப்பீர்கள். உடலின் பக்கவாட்டும் வேண்டாம். இறக்கையின் அடியில், புரொப்பல்லர் காற்றுக்கு வெளியே தள்ளி, கழற்றக்கூடிய மூடித்தகட்டில் துளை போடுங்கள். இடம் சரியில்லை என்றால் மூடியை மாற்றினால் போதும், இறக்கை தப்பித்துவிடும்.

அந்தத் துளையில் ஸ்டீல் குப்பியை நேராகச் செருகி நட்டு போட்டு இறுக்காதீர்கள். வெயிலில் நின்ற அலுமினியத்தில் கை வைக்க முடியாது. அந்தச் சூடு அப்படியே குப்பிக்கு இறங்கும். குப்பியின் விட்டம் 6 மில்லிமீட்டர் என்றால் துளை 10 மில்லிமீட்டர், நடுவில் நைலான் புஷ். நுனி மூன்று சென்டிமீட்டராவது காற்றில் நீட்டிக்கொண்டிருக்கட்டும். நிறுத்தி வைத்த விமானத்தில் எண் கூடத்தான் காட்டும், தரையின் அனல் அது.

வேகத்துக்கும் கொஞ்சம் கழிக்க வேண்டும். காற்று நுனியில் மோதி நிற்பதால் 100 நாட் (மணிக்கு 100 கடல் மைல்) வேகத்தில் 1.3 டிகிரி வரை கூடும். 60 நாட் வேகத்தில் அரை டிகிரிதான், விட்டுவிடலாம்.

பின்சேர்க்கை: பலர் கேட்டது. மைனஸ் 127 வந்தால் ஒயர் விட்டுப்போயிருக்கிறது. 85-லேயே நின்றால் சென்சார் இன்னும் அளக்கவில்லை. முக்கால் வினாடி பொறுத்துப் படியுங்கள், அப்புறமும் அதுவே வந்தால் பிளஸ் ஒயரின் சால்டரைப் பாருங்கள். ரேடியோவில் பேசும்போது மட்டும் எண் குதித்தால், சென்சார் ஒயரை ஆன்டெனா கேபிளிலிருந்து பிரித்து வேறு வழியாக இழுங்கள்.