நாய் கடித்தால்: சோப்பு முதல் கடைசி ஊசி வரை

வெறிநோய்க் கிருமி ரத்தத்தில் பரவுவதில்லை. கடிபட்ட சதையில் தங்கி, பக்கத்து நரம்புக்குள் நுழைந்து, அதன் வழியே மூளைக்கு ஏறுகிறது. நரம்புக்குள் போய்விட்டால் நம் எதிர்ப்பு சக்தியின் கண்ணில் அது படாது. அதற்கு முன்பே மறித்தாக வேண்டும்.

முதலில் தண்ணீர். ஓடும் குழாயில் சோப்புப் போட்டு 15 நிமிடம், கடிகாரம் பார்த்துக் கழுவுங்கள். ஊட்டி, கோத்தகிரியில் மார்கழித் தண்ணீர் கையை விறைக்க வைக்கும். பலர் இரண்டே நிமிடத்தில் நிறுத்திவிடுவார்கள். குளிர்ந்த நீரிலேயே தொடங்குங்கள், அடுப்பில் வெந்நீர் சூடாகட்டும், வெதுவெதுப்பாகக் கலந்து தொடருங்கள். கிருமியின் மேலுறை கொழுப்பு. சோப்பு அதைச் சிதைத்துவிடும். பிறகு பீட்டாடின் என்ற கிருமிநாசினி. மிளகாய்ப்பொடி, சுண்ணாம்பு, காபித்தூள் எதுவும் வேண்டாம், புண் இன்னும் கிளறிப்போகும். இறுக்கிக் கட்டவும் வேண்டாம்.

அன்றே அரசு மருத்துவமனைக்குப் போங்கள். தேயிலை எஸ்டேட் குடியிருப்பில் கடைசி பஸ் போய்விட்டால் 108-ஐக் கூப்பிடுங்கள். தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி என்ற பயம் இன்னும் பலருக்கு இருக்கிறது. அது ஆட்டு மூளையில் தயாரித்த பழைய மருந்து, இப்போது கிடையாது. 1907-இல் தொடங்கிய குன்னூர் பாஸ்டர் நிறுவனமும் அந்த ஆட்டு மூளை மருந்தைத் தயாரித்ததுதான்.

இப்போதைய ஊசியில் இருப்பது செயலிழக்கச் செய்த கிருமி. அதை அடையாளம் கண்டு உடம்பு போதுமான எதிர்ப்பொருள் (கிருமியை முடக்கும் புரதம்) தயாரிக்க 7 முதல் 14 நாள் ஆகும். தோல் கிழிந்து ரத்தம் வந்திருந்தால் அதுவரை காத்திருக்க முடியாது. அதனால்தான் ஆயத்தமான எதிர்ப்பொருளாகிய இம்யூனோகுளோபுலினைப் புண்ணுக்குள்ளும் சுற்றியும் செலுத்துகிறார்கள். குதிரையிலிருந்து எடுத்தது உடல் எடையில் கிலோவுக்கு 40 யூனிட், மனிதரிடமிருந்து எடுத்தது 20. வலிக்கும், ஆனால் மறுக்காதீர்கள். முதல் தடுப்பூசி போட்டு 7 நாள் கடந்தால் இதைப் போடுவதில்லை. புண்ணைத் தைக்க வேண்டியிருந்தால் இதற்குப் பிறகுதான்.

தோலுக்குள் போடும் முறையில் இரு மேற்கைகளிலும் 0.1 மி.லி. வீதம் 0, 3, 7, 28-ஆம் நாட்களில் தடுப்பூசி. 0 என்பது முதல் ஊசி நாள், கடித்த நாள் அல்ல. போட்ட இடத்தில் கொசுக்கடி போல, ஆரஞ்சுத் தோல் மாதிரிப் புள்ளி விழுந்த சிறு மேடு எழும்ப வேண்டும். எழும்பவில்லையென்றால் மருந்து ஆழத்துக்குப் போய்விட்டது. உடனே சொல்லி மறுபடி போடச் சொல்லுங்கள். தோலில் எதிர்ப்பு சக்தியின் காவல் செல்கள் நெருக்கமாக இருப்பதால்தான் இவ்வளவு குறைந்த அளவு போதுமாகிறது. ஒரு தவணை தவறினால் விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.

ஸ்டீராய்டு சாப்பிடுபவர்கள், புற்றுநோய் சிகிச்சையில் இருப்பவர்கள் முதலிலேயே சொல்லிவிடுங்கள். அவர்கள் உடம்பு எதிர்ப்பொருளை மெதுவாகத்தான் தயாரிக்கும், சிறு கீறலுக்கும் இம்யூனோகுளோபுலின் வேண்டும். கர்ப்பிணிகள் தயங்க வேண்டாம்.

நாய்க்கு வெறிநோய் அறிகுறி தெரிகிறதா என்று 10 நாள் கவனியுங்கள், ஆனால் ஊசியைத் தள்ளிப்போடாதீர்கள். குரங்குக் கடிக்கு இந்த 10 நாள் கணக்கு பொருந்தாது.

முழுத் தவணையும் போட்டவர்களை மறுபடி கடித்தால், கிருமியை நினைவில் வைத்திருக்கும் செல்கள் சில நாட்களிலேயே வேலையைத் தொடங்கிவிடும். 0, 3 என இரண்டு நாள் ஊசி போதும், இம்யூனோகுளோபுலின் தேவையில்லை. அதற்குப் பழைய ஊசிச் சீட்டைக் காட்ட வேண்டும். ரேஷன் கார்டோடு பத்திரமாக வைத்திருங்கள்.