உமிழ்நீர்ச் சுரப்பிப் புற்றுக்கலங்கள் இழையத்தை ஊடுருவுவதை வகுப்பில் விளக்கும் முறை

யாழ்ப்பாணத்து உயர்தர உயிரியல் வகுப்பொன்றில், உமிழ்நீர்ச் சுரப்பிப் புற்றுக்கலங்கள் அயல் இழையத்துள் நுழையும் விதத்தை விளக்க, ஒரு பெட்டி ஜெலற்றினும் அரை அன்னாசியும் போதும். ஜெலற்றின், இழையத்தின் கொலாஜன் எனும் புரதத்திலிருந்து பெறப்படுவது. அதற்குப் பதிலாகக் கடற்பாசியை (அகாரை) வாங்கிவிட வேண்டாம். அது காபோவைதரேற்று, புரதம் வெட்டும் நொதியம் அதைத் தொடாது.

ஜெலற்றினை இரண்டு கிண்ணங்களில் உறையவைத்து, ஒன்றின் நடுவில் புதிதாகப் பிழிந்த அன்னாசிச் சாற்றிலும், மற்றதில் 10 நிமிடம் கொதிக்கவைத்து ஆற்றிய சாற்றிலும் சில துளிகள் விட்டு, இரவு முழுவதும் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். வெளியே வைத்தால் நமது சித்திரை வெயிலில் ஜெலற்றின் தானாகவே உருகிவிடும். காலையில் முதற்கிண்ணத்தில் மட்டும் துளி விழுந்த இடம் குழிந்து நீர்த்திருக்கும்.

அந்தக் குழியைக் காட்டியபடியே விளக்குங்கள்: சுரப்பிக் கலங்களைச் சூழ்ந்த அடித்தள மென்சவ்வின் சட்டகம் நான்காம் வகைக் கொலாஜன்; அதனை எம்.எம்.பி. 2, எம்.எம்.பி. 9 (MMP-2, MMP-9) எனும், நாக அயனைத் தாங்கிய நொதியங்கள் வெட்டுகின்றன. இவற்றைப் புற்றுக்கலங்கள் மட்டுமன்றி, அவற்றால் தூண்டப்பட்ட அயல் நார்க்கலங்களும் சுரக்கின்றன என்பதே, என் பார்வையில், மாணவர் நின்று கவனிக்க வேண்டிய இடம். இந்நொதியங்களை அடக்கிவைக்கும் ரிம்ப் (TIMP) எனும் தடுப்புப் புரதங்களுடனான சமநிலை குலையும்போது வழி திறக்கிறது. அன்னாசியின் புரோமெலெயின் வேறு குடும்பத்து நொதியம் என்பதையும் மறைக்காமல் கூறிவிடுங்கள்.