ஜிம்முக்குப் புதுசா? முதல் அட்டவணையை இப்படித் தேர்ந்தெடுங்கள்

ஜிம்மில் சேர்ந்தபோது என் கையில் கொடுத்த அட்டவணையில் திங்கள் நெஞ்சு, செவ்வாய் முதுகு, புதன் தோள், வியாழன் கால் என்று ஆறு நாளும் நிரம்பியிருந்தது. வியாழக்கிழமை ஏதாவது வேலை வந்துவிடும். இரண்டு மாதத்தில் காலுக்கு மொத்தமே மூன்று தடவைதான் பயிற்சி. அதைவிடப் பெரிய குறை, அடுத்த முறை எத்தனை கிலோ தூக்குவது என்று அதில் எங்குமே இல்லை. நீங்கள் தேட வேண்டியது அதைச் சொல்லும் அட்டவணையைத்தான்.

படி 1: நாட்களை எண்ணுங்கள்

ஆசைக்கு எண்ணாதீர்கள், உண்மையாக வர முடிந்த நாட்களை எண்ணுங்கள். மூன்று நாள் தாராளம். ஒவ்வொரு நாளும் முழு உடம்புக்கும் பயிற்சி, நடுவில் ஒரு நாள் ஓய்வு. ஒரு நாள் தவறினாலும் எந்தத் தசையும் பட்டினி கிடக்காது.

படி 2: பயிற்சிகள்

ஒரு நாள் ஸ்குவாட் (தோளில் எடையோடு உட்கார்ந்து எழுவது), பெஞ்ச் பிரஸ் (பெஞ்சில் படுத்து எடையை மேலே தள்ளுவது), ரோ (முன்னால் குனிந்து எடையை வயிற்றை நோக்கி இழுப்பது). அடுத்த நாள் ஸ்குவாட், ஓவர்ஹெட் பிரஸ் (நின்றபடி எடையைத் தலைக்கு மேல் தள்ளுவது), டெட்லிஃப்ட் (தரையில் இருக்கும் எடையைத் தூக்கி நிமிர்வது). இரண்டையும் மாற்றி மாற்றிச் செய்யுங்கள். பைசெப்ஸ் (மேல்கையின் முன்பக்கத் தசை) ஆசை விடாது, தெரியும்; கடைசியில் அதற்கு இரண்டு செட் (நடுவில் ஓய்வில்லாமல் செய்யும் ஒரு சுற்றுதான் ஒரு செட்) சேர்த்துக்கொள்ளுங்கள்.

படி 3: செட், ரெப்

பார்பெல் (இரண்டு பக்கமும் எடைத் தட்டு மாட்டும் நீளக் கம்பி) பயிற்சிகளுக்கு 3 செட், செட்டுக்கு 5 ரெப். ஒரு பயிற்சியை முழுதாக ஒருமுறை செய்வது ஒரு ரெப். டெட்லிஃப்டுக்கு மட்டும் ஒரே செட் போதும், அது ஆளையே களைக்க வைத்துவிடும். டம்பெல் (ஒரு கையில் பிடிக்கும் சின்ன எடை) பயிற்சிகளுக்கு 8 முதல் 12 ரெப். 'பலத்துக்கு எது, தசைக்கு எது' என்று இப்போதே குழம்ப வேண்டாம். ஆரம்பத்தில் இரண்டும் சேர்ந்தே வளரும். கனமான செட்டுகளுக்கு நடுவே 2, 3 நிமிடம் உட்காருங்கள்.

படி 4: நோட்டுப் புத்தகம்

இதுதான் முக்கியம். பார்பெல் கம்பி பெரும்பாலும் 20 கிலோ இருக்கும். முதல் நாள் வெறும் கம்பியோடு 5 ஸ்குவாட். சுலபமா? 30, அப்புறம் 35. 40-இல் எழும்போது வேகம் லேசாகக் குறைகிறதா? அங்கேயே நிறுத்துங்கள். அதுதான் உங்கள் தொடக்க எடை. மூன்று செட்டையும் முடித்து '40: 5, 5, 5' என்று எழுதுங்கள்.

அடுத்த முறை இரண்டு பக்கமும் 1.25 கிலோ தட்டு, ஆக 42.5. '5, 5, 4' என்று வந்தால் மறுமுறையும் அதே எடை. மூன்று முறை முயன்றும் முடியவில்லையா? சுமார் 10 சதவீதம் குறைத்து மறுபடி ஏறுங்கள். எடையைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றும் இந்த முறை நேற்று வந்ததல்ல. 1940-களில் தாமஸ் டிலோர்ம் என்ற அமெரிக்க ராணுவ மருத்துவர், காயம்பட்ட வீரர்களைத் தேற்றியதே இப்படித்தான்.

ஸ்குவாட்டில் முதுகு வளைந்தால் அந்த ரெப்பைக் கணக்கில் சேர்க்காதீர்கள். மூட்டில் சுரீரென்று வலித்தால் அன்றைக்கு அந்தப் பயிற்சி முடிந்தது. இதய நோயோ பழைய முதுகுவலியோ உள்ளவர்கள் முதலில் மருத்துவரைக் கேளுங்கள்.

படி 5: மாற்றாதீர்கள்

மூன்று மாதம் இதே அட்டவணை. தூக்கத்தில் கை வைக்காதீர்கள். புரதம், உடல் எடையில் கிலோவுக்கு 1.6 கிராம் அளவில் இருந்தால் போதும். 60 கிலோ ஆளுக்கு நாளைக்கு ஏறக்குறைய 96 கிராம்.

எடையைக் குறைத்து ஏறியும் அதே இடத்தில் இரண்டு, மூன்று தடவை முட்டி நிற்கிறீர்களா? இனி வாரத்துக்கு ஒருமுறை மட்டும் எடை கூட்டும் அட்டவணைக்கு மாறலாம். அதற்கும் அதே நோட்டுதான்.