அனிமோன் வாங்குவதற்கு முன் ஸ்பாஞ்ச் வாங்குங்கள்

என் கடல்நீர் மீன் தொட்டியில் முதல் அனிமோன் (பாறையில் ஒட்டிக்கொண்டு பூப்போல விரியும் கடல் பிராணி) பதினோரு நாள்தான் இருந்தது. பன்னிரண்டாம் நாள் காலையில் தொட்டித் தண்ணீர் மோர் கரைத்த மாதிரி கலங்கிக் கிடந்தது. இரவில் பாறையை விட்டு நகர்ந்து, நீரோட்டம் உண்டாக்கும் வேவ்மேக்கரில் இழுபட்டு அரைபட்டிருக்கிறது. சாயங்காலத்துக்குள் இரண்டு மீன்களும் போயின.

ஆமாம், அனிமோன் நடக்கும். அதனால் வேவ்மேக்கர், பம்ப் என்று உறிஞ்சுகிற வாய் அத்தனைக்கும் பெரிய துளையுள்ள ஸ்பாஞ்ச் கட்டுங்கள். வாரம் ஒருமுறை கழற்றி அலசாவிட்டால் நீரோட்டம் செத்துவிடும்.

தொட்டிக்கு ஆறு மாதமாவது ஆகியிருக்க வேண்டும். முதல் முறை வாங்குகிறவர்களுக்கு பபிள் டிப் என்ற அனிமோன் வகை போதும். கடையில் பார்க்கும்போது வாய் இறுக மூடியிருக்கிறதா, அடிப்பாதம் கிழியாமல் எதிலாவது ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். பளீர் வெள்ளையாக இருந்தால் அழகு என்று நினைத்துவிடாதீர்கள். அதன் உடம்புக்குள் இருந்து வெளிச்சத்தில் சாப்பாடு தயாரித்துத் தரும் பாசி போய்விட்டது என்று அர்த்தம்.

வீட்டுக்கு வந்ததும் ஆழமான பொந்துள்ள பாறையில் பாதத்தை வைத்து, அரை மணி நேரம் வேவ்மேக்கரை நிறுத்துங்கள். பிறகு இடத்தை அது தேர்ந்துகொள்ளும். பிடிக்காத இடத்தில் ஒட்டினாலும் பிய்க்காதீர்கள். பாதம் கிழிந்தால் பிழைப்பது கஷ்டம்.

தண்ணீரின் உப்படர்த்தி (ஸ்பெசிஃபிக் கிராவிட்டி) 1.025, வெப்பம் 25-26 டிகிரி. சென்னை மே மாதத்தில் தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர் இல்லாமல் என்னால் சமாளிக்க முடியவில்லை. ஆவியாகிக் குறையும் தண்ணீருக்கு உப்புக் கலக்காத ஆர்ஓ தண்ணீர் மட்டும் ஊற்றுங்கள்; ஆவியில் உப்பு போவதில்லை. செம்பு கலந்த மீன் மருந்து இந்தத் தொட்டிப் பக்கமே வரக்கூடாது.

வாரம் ஒருமுறை பட்டாணி அளவு பச்சை இறால் போதும். ஆசைப்பட்டுப் பெரிதாகக் கொடுத்தால் மறுநாள் துப்பிவிடும்.

சில நாட்களில் அனிமோன் திடீரென்று சுருங்கி, பழுப்பாகக் கழிவு தள்ளும். பதறாதீர்கள், சில மணி நேரத்தில் விரியும். வாய் பிளந்து, தொட்டால் கரைந்து நாறினால் மட்டும் உடனே வெளியே எடுத்துவிடுங்கள்.

அப்புறம், அனிமோனுக்குள் குடியிருக்கும் கோமாளி மீன். அதில் ஆசிலாரிஸ் என்ற வகைக்குக் கடலில் பபிள் டிப் வீடு அல்ல. தொட்டியில் ஏற்கலாம், ஏற்காமலும் போகலாம். என் ஜோடிக்கு நாலு மாதம் ஆனது. அதுவரை வேவ்மேக்கர் ஸ்பாஞ்சை ஒட்டித்தான் இரண்டும் தூங்கின.