கிளினிக்கிலேயே மருந்து வாங்குபவர்கள் கவனிக்க

பதிவுபெற்ற மருத்துவர், தனியே கடை வைக்காமல் தம்மிடம் வரும் நோயாளிகளுக்கு மட்டும் மருந்து கொடுப்பதற்கு 1945ஆம் ஆண்டின் மருந்து விதிகள் விற்பனை உரிமம் பெறுவதிலிருந்து விலக்கு அளிப்பதால், நம் ஊர்களில் கிளினிக்கிலேயே மாத்திரை வாங்கிக்கொள்வது வழக்கமாக இருக்கிறது. அதில் தவறில்லை, ஆயினும் மருந்துச் சீட்டையும் கேட்டு வாங்குங்கள். இரவில் ஒவ்வாமை ஏற்பட்டு வேறு மருத்துவமனைக்கு ஓட நேர்ந்தால், என்ன மாத்திரை சாப்பிட்டோம் என்பதைச் சொல்ல அந்தச் சீட்டுதான் உதவும்.

பெரும்பாலும் அட்டையிலிருந்து வெட்டிய துண்டுகளைக் காகித உறையில் போட்டு, மேலே 1-0-1 என்று எழுதித் தருவார்கள். காலாவதித் தேதி பல அட்டைகளில் ஒரு முனையில் மட்டுமே அச்சாகியிருக்கும் என்பதால், உங்கள் கைக்கு வரும் துண்டில் அது இல்லாமலே போகலாம். எனவே முழு அட்டையைக் காட்டச் சொல்லி, மருந்தின் பெயரையும் தேதியையும் அந்த உறையிலேயே குறித்துக்கொள்ளுங்கள். இதைக் கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டியதில்லை.

சர்க்கரை, இரத்த அழுத்தம் போன்றவற்றுக்கு மாதந்தோறும் வாங்கும் மருந்துகளை, நிறுவனம் வைத்த பெயரில் அல்லாமல் மூலப்பெயரில் (மருந்தின் பொதுப்பெயரில்) எழுதித் தரச் சொன்னால், மக்கள் மருந்தகத்திலோ முதல்வர் மருந்தகத்திலோ குறைந்த விலையில் வாங்கலாம். வலிப்பு, தைராய்டு மாத்திரைகளை மட்டும் மருத்துவரைக் கேட்காமல் வேறு நிறுவனத் தயாரிப்புக்கு மாற்றிவிடாதீர்கள்.