பழைய லக்சரி கார் வாங்கும்போது எஞ்சின் வேலை பார்த்த பில்லைப் படிப்பது எப்படி?

கோவை அவிநாசி ரோட்டிலும் திருப்பூரிலும் எந்தக் கார் கன்சல்டிங்குக்குப் போனாலும் ஒரு பிஎம்டபிள்யூ 320டியோ மெர்சிடிஸ் சி220யோ ஆடி ஏ4ஓ நிற்கிறது. பத்து வருஷத்து வண்டி என்றால் புது ஸ்விஃப்ட் விலைக்கே பேசி முடிக்கலாம். "எஞ்சின்ல கையே வெச்சதில்லைங்க" என்றால் நல்ல வண்டி, "எஞ்சின் இறக்கி வேலை பார்த்தது" என்றால் ஓடிப்போய்விட வேண்டும் என்றுதான் நம்ம ஊரில் பெரும்பாலோர் நினைக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடே இல்லை. என்ன கோளாறு, எதனால் வந்தது, அந்தக் காரணத்தையும் சேர்த்துச் சரி செய்தார்களா என்று பில்லிலேயே தெரிந்தால், எஞ்சின் இறக்கிய வண்டியைத் தைரியமாக வாங்கலாம். ஒரு பில்லும் இல்லாமல் "கையே வைக்கவில்லை" என்று நிற்கும் வண்டியைத்தான் நான் சந்தேகப்படுவேன்.

மச்சானுக்கு ஒரு 320டி தேடி வாங்கிக் கொடுத்தபோது தெரிந்துகொண்டதை எழுதுகிறேன். ஹைப்போதிகேஷன், டயர், பெயிண்ட் எல்லாம் உங்களுக்கே தெரியும், விட்டுவிடுகிறேன்.

1. பேப்பரைக் கையில் வாங்குவது

சர்வீஸ் புக்கில் சீல் இருந்தால் போதாது. சீல் வைத்த தேதிதான் அதில் இருக்கும், என்ன வேலை நடந்தது என்று இருக்காது. நமக்கு வேண்டியது இரண்டு: ஜாப் கார்டு, இன்வாய்ஸ். வண்டியை விடும்போது ஓனர் சொன்ன குறை ஜாப் கார்டில் இருக்கும், மாட்டிய பாகமும் கூலியும் இன்வாய்ஸில் இருக்கும். ஷோரூமில் வெளியாளுக்கு இதைத் தர மாட்டார்கள். ஓனரையே அவருடைய மெயிலிலிருந்து சேஸிஸ் நம்பரைப் போட்டு முழு சர்வீஸ் ஹிஸ்டரி கேட்கச் சொல்லுங்கள். கன்சல்டிங்காரர் "ஓனர் ஃபாரின்ல இருக்காருங்க" என்றாலும் மெயில் அங்கிருந்தே போகும். இதற்குக்கூட ஒத்துவராதவரிடம் மேலே பேசிப் பிரயோஜனம் இல்லை.

வெளிப்பட்டறை பில் என்றால் ஜிஎஸ்டி நம்பரைப் பாருங்கள். தமிழ்நாடு என்றால் 33ல் தொடங்கும், கேரளா 32. ஜிஎஸ்டி வந்தது 2017 ஜூலை 1ஆம் தேதி. 2016 தேதி போட்ட பில்லில் ஜிஎஸ்டி நம்பர் இருந்தால் அது பிற்பாடு உட்கார்ந்து அடித்த பில்.

2. தேதி வாரியாக அடுக்குவது

ஒரு வெள்ளைத்தாள் போதும். தேதி, கி.மீ., சொன்ன குறை, மாட்டிய பாகம் என்று நான்கு கட்டம் போட்டு எழுதுங்கள். எக்செல் வேண்டாம், கையால் எழுதினால்தான் கண்ணில் படுகிறது.

முதலில் கி.மீ. ஒரே சீராக ஏறுகிறதா என்று பாருங்கள். அடுத்து ஆயில். மெர்சிடிஸில் 15,000 கி.மீ. அல்லது 1 வருஷம் என்பது கம்பெனி கணக்கு, அதில் பெரிய இடைவெளி இருந்தால் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டு சர்வீஸுக்கு நடுவில் 1 லிட்டர் ஆயில் மட்டும் வாங்கிய பில் அடிக்கடி வந்தால் வண்டி ஆயில் குடிக்கிறது. 2010 வாக்கில் வந்த ஆடி 2.0 டிஎஃப்எஸ்ஐ பெட்ரோல் எஞ்சினில் பிஸ்டன் ரிங்கால் வந்த பேர்போன நோய் இது. ஆயில் கிரேடையும் விடாதீர்கள். டிபிஎஃப் (புகையில் வரும் கரியைப் பிடிக்கும் ஃபில்டர்) இருக்கிற டீசல் வண்டிக்கு மெர்சிடிஸ் 229.51, பிஎம்டபிள்யூ லாங்லைஃப்-04 மாதிரி சாம்பல் குறைந்த ஆயில்தான் ஊற்ற வேண்டும். பில்லில் டிராக்டருக்கு ஊற்றும் 15டபிள்யூ-40 இருந்தால் அந்தப் பட்டறையின் மற்ற வேலைகளையும் ஒருமுறைக்கு இருமுறை பாருங்கள்.

3. பார்ட் நம்பரைப் படிப்பது

இந்த இடத்தில்தான் நான் ரொம்ப நேரம் முழித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பில் முழுக்க நம்பரும் சுருக்கெழுத்துமாக இருக்கும், "கிட்", "செட்", "ரிப்பேர்" என்பதைத் தவிர எதுவும் பிடிபடாது. ஆனால் அந்த நம்பரே கதை சொல்லும்.

பிஎம்டபிள்யூ பார்ட் நம்பர் 11 இலக்கம். முதல் இரண்டு இலக்கம் பெரிய பிரிவு: 11 எஞ்சின், 13 டீசல் போகிற வழி, 17 கூலிங், 18 எக்ஸாஸ்ட். அடுத்த இரண்டு உள்பிரிவு. 11 42 ஆயில் ஃபில்டர், 11 51 வாட்டர் பம்ப், 11 12 சிலிண்டர் ஹெட், 11 24 கனெக்டிங் ராட், 11 25 பிஸ்டன், 11 31 டைமிங் செயின், 11 65 டர்போ, 13 53 இன்ஜெக்டர். இந்த எட்டையும் ஒரு சீட்டில் எழுதிப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டால் பாதி பில் புரிந்துவிடும்.

மெர்சிடிஸில் ஏ என்ற எழுத்துக்கு அடுத்த மூன்று இலக்கம் எஞ்சின் வகை. ஏ651 என்றால் சி220, இ250 டீசலில் வரும் ஓஎம்651 எஞ்சின். அதை ஒட்டி வரும் 03 பிஸ்டன், கிராங்க் பக்கம், 05 கேம்ஷாஃப்ட், செயின் பக்கம், 07 இன்ஜெக்ஷன், 09 டர்போ பக்கம், 18 ஆயில், 20 கூலிங். இந்த எஞ்சினில் ஆரம்பத்தில் வந்த பீசோ இன்ஜெக்டர்கள் நிறையப் பழுதாகி, கம்பெனியே வேறு வகைக்கு மாறியது. அந்தக் காலத்து வண்டியில் 07 வரிசையில் நான்கு இன்ஜெக்டரும் ஒன்றாக மாறியிருந்தால் எனக்குச் சந்தோஷம்தான்.

4. காரணத்தையும் சரி செய்தார்களா?

2007 முதல் 2014 வரை வந்த 320டி, 520டி பலவற்றில் என்47 என்ற டீசல் எஞ்சின். இதில் டைமிங் செயின் எஞ்சினின் பின்பக்கம், கியர்பாக்ஸை ஒட்டி இருக்கிறது. செயின் தேய்ந்து அறுந்தால் எஞ்சினே போய்விடும். அதை மாற்ற எஞ்சினையோ கியர்பாக்ஸையோ இறக்கியே ஆக வேண்டும். அதனால் 11 31 வரிசையில் ஒரே ஒரு செயின், கூலி இரண்டு மணி நேர வேலைக்கு உள்ளது என்று ஒரு பில் வந்தால் நம்பாதீர்கள். மச்சானுக்கு வாங்கிய வண்டியின் பில்லில் மேல் செயின், கீழ் செயின், கைடுகள், டென்ஷனர், பின்பக்க ஆயில் சீல், ஒருமுறை கழற்றினால் மறுபடி போடக்கூடாத போல்ட்டுகள், கேஸ்கெட், புது ஆயில், ஃபில்டர், கூடவே இறக்கி ஏற்றிய கூலி தனி வரியில் என்று வரிசையாக இருந்தது. "மாப்ளே, எஞ்சின் பிரிச்ச வண்டி வேண்டாம்டா" என்று மச்சான் ஒதுங்கினார். அந்தப் பில்லைப் பார்த்துத்தான் நான் அந்த வண்டியைப் பிடித்தேன்.

டர்போவுக்கும் இதே கணக்கு. டர்போ பெரும்பாலும் தானாகச் சாவதில்லை, ஆயில் சரியாக வராமல் சாகிறது. 11 65 மட்டும் மாற்றிவிட்டு ஆயில் பைப், ஆயில், ஃபில்டர் எதுவும் அதே பில்லில் இல்லை என்றால் புது டர்போவும் அதே வழியில் போகும்.

ஹெட் கேஸ்கெட் மாற்றிய பில் வந்தால் பின்னோக்கிப் படியுங்கள். முந்தைய பில்களில் கூலன்ட் டாப்-அப், மறுபடி டாப்-அப், அப்புறம் தெர்மோஸ்டாட், அப்புறம் ஹெட் என்று இருந்தால் வண்டியைச் சூட்டோடு ஓட்டியிருக்கிறார்கள். ஹெட்டை லேத்தில் கொடுத்து மட்டம் பார்த்தார்களா, பிரஷர் டெஸ்ட் செய்தார்களா என்று கேளுங்கள். இந்த வேலைக்குக் கணபதி, பீளமேடு பக்கத்து லேத் பட்டறையில் கையால் எழுதிக் கொடுத்த சின்ன பில்லாக இருந்தாலும் நான் மதிப்பேன். மோட்டாரும் பம்ப்செட்டும் செய்து பழகிய கைகள், அளவு சுத்தமாக இருக்கும்.

5. இன்சூரன்ஸ் பேப்பர்

பாலிசியில் நோ கிளெய்ம் போனஸ் எவ்வளவு என்று பாருங்கள். கிளெய்மே இல்லாமல் ஓட்டினால் 20, 25, 35, 45, 50 சதவீதம் என்று வருஷா வருஷம் ஏறும், கிளெய்ம் எடுத்தால் பூஜ்யத்துக்கு வந்துவிடும். போனஸ் விழுந்த வருஷத்தையும் உங்கள் தாளையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சென்னை வண்டியாக இருந்து, 2015 டிசம்பர் அல்லது 2023 டிசம்பர் வெள்ளத்தை ஒட்டிப் போனஸ் விழுந்து, அதே சமயம் 11 24, 11 25 வரிசையும் ஏர் ஃபில்டரும் கார்ப்பெட்டும் மாறியிருந்தால் எஞ்சினுக்குள் தண்ணீர் போயிருக்கிறது. அதை வாங்கச் சொல்ல மாட்டேன், எஞ்சினைச் சரி செய்தாலும் வயரிங் பின்னால் தொல்லை கொடுக்கும். போனஸைக் காப்பாற்றும் ஆட்-ஆன் எடுத்திருந்தால் கிளெய்முக்குப் பிறகும் போனஸ் அப்படியே நிற்கும், அதனால் கிளெய்ம் விவரத்தை ஓனர் மூலம் கம்பெனியிலேயே கேட்டுவிடுங்கள்.

6. ஸ்கேனர்

வண்டியில் செருகிக் கோளாறைப் படிக்கும் கருவியில் மலிவான ஈஎல்எம்327 காப்பிகளை வாங்காதீர்கள், பாதியில் கனெக்ஷன் விட்டுவிடும். பிஎம்டபிள்யூவுக்குப் பிம்மர்லிங்க் ஆப், ஆடிக்கு ஓபிடிஇலெவன் என் விருப்பம். கோளாறு ஒன்றும் இல்லை என்று வந்தால் உடனே திருப்தி அடைய வேண்டாம். கோளாறு கோட் அழித்த பின் ஓடிய தூரம், ரெடினஸ் மானிட்டர் (வண்டி தன்னைத்தானே சோதித்து முடித்ததா என்று காட்டுவது) இரண்டையும் பாருங்கள். தூரம் சில கி.மீ. தான், மானிட்டர்களும் முடியவில்லை என்றால், நீங்கள் வருவதற்கு முன் யாரோ அழித்திருக்கிறார்கள். காரணம் கேளுங்கள், சில நாள் ஓட்டிய பிறகு மறுபடி ஸ்கேன் செய்யுங்கள்.

முடிந்தால் இஸ்டா (பிஎம்டபிள்யூ கம்பெனியின் சொந்த ஸ்கேன் சாஃப்ட்வேர்) வைத்திருக்கும் பட்டறையில் காட்டுங்கள். கோளாறு பதிவான கி.மீ.யும் அதில் வரும். மீட்டர் 72,000 காட்டும்போது கோளாறு 1,10,000ல் பதிவாகியிருந்தால் அதற்கு மேல் எதையும் பார்க்க வேண்டியதில்லை.

ஓட்டிப் பார்ப்பதைப் பெருந்துறை வரை நேர் ரோட்டில் செய்து பயனில்லை. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் மலை ஏறுங்கள், ஏறும்போது கூலன்ட் சூட்டை ஆப்பில் பாருங்கள். கிளம்பும் முன் பானெட்டைத் தொட்டு எஞ்சின் ஆறியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு ஸ்டார்ட் செய்யுங்கள், செயின் சத்தம் ஆறிய எஞ்சினில்தான் நன்றாகக் கேட்கும்.

பிற்சேர்க்கை: பல்லடத்திலிருந்து ஒருவர் கேட்டிருந்தார்: பில்லில் எஞ்சின் அசெம்பிளியே மாற்றியதாக இருக்கிறது, வாங்கலாமா? வாங்கலாம், ஆனால் பிளாக்கில் குத்தியிருக்கும் நம்பரும் ஆர்சியில் உள்ள எஞ்சின் நம்பரும் ஒன்றாக இருக்க வேண்டும். இல்லையென்றால், அந்த எஞ்சின் வாங்கிய பில்லை வைத்து இப்போதைய ஓனரே ஆர்டிஓவில் மாற்றத்தைப் பதிவு செய்து, ஆர்சியில் புது நம்பர் ஏறிய பிறகு வரச் சொல்லுங்கள். "பேர் மாத்தும்போது சேர்த்துப் பண்ணிக்கலாங்க" என்பார்கள். அதற்கு ஒத்துக்கொள்ள வேண்டாம், அட்வான்ஸும் கொடுக்க வேண்டாம்.